ஐசி இல்லாத பையனுக்கு வழி பாட்டி வீட்டில் இருக்கலாம்

உங்கள் கேள்வியின் முதல் பாதி பல்கலைக்கழகக் கட்டுரைக்காக. மனித உரிமை, வறுமை ஒழிப்பு, ஆண் பெண் சமத்துவம் மூன்றையும் உலக அளவில் பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பின்பாதியில், கொஞ்சம் தயங்கி, உங்கள் மாமா மகனைப் பற்றிச் சொல்கிறீர்கள். 2008இல் பிறந்தவன், இப்போது 17 வயது. மாமாவுக்கு நீல ஐசி, மலேசியக் குடிமகனுக்கு உரிய அடையாள அட்டை. மாமிக்கு எதுவுமே இல்லை. 2006இல் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டினார்கள், பதியவில்லை. பையனுடைய சூராட் பெரானாக்கில் (பிறப்புப் பத்திரத்தில்) 'புக்கான் வார்கானெகாரா', அதாவது குடிமகன் அல்ல என்று இருக்கிறது. மாமியின் அம்மா 1961இல் அதே தோட்டத்தில் பிறந்தவர், சிவப்பு ஐசி, அதாவது நிரந்தரவாசி அட்டை வைத்திருக்கிறார். கடைசியில் ஒரு வரி: "அவன் ஏழையாக இருப்பதால் ஐசி இல்லையா, ஐசி இல்லாததால் ஏழையா?" நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இந்த வரிதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். இதற்குப் பதில் கிடைத்தால் கட்டுரை தானே வரும்.

நான் வழக்கறிஞர் இல்லை. பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் 27 வருஷம் ஆபீஸ் கிராணியாக (எழுத்தராக) இருந்தேன். காலையில் பெரட்டில் (வேலைக்காரர்கள் கூடும் வரிசையில்) பேர் கூப்பிட்டு, செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு எழுதி, மாதம் முடிந்தால் சம்பளம் போட்டவள். வேலை முடிந்த பிறகு ஊருக்கு வந்து வீட்டு வாசலில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தேன். விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரியாதவர்கள் வருவார்கள். வந்தவர்களில் முக்கால்வாசி பெண்கள். அந்த மேசையில் கற்றதைத்தான் சொல்லப்போகிறேன். கோர்ட்டில் வாதாட அது போதாது. எந்தக் கதவை முதலில் தட்டலாம் என்று சொல்லப் போதும்.

முதலில் பையன் மாட்டிக்கொண்டிருக்கும் இடம். நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதவர்களின் கல்யாணத்துக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அது 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. அதற்கு முன்னால் வழக்கப்படி நடந்த கல்யாணங்களை அது ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு நடப்பவை பதிவதிகாரி முன்னிலையில் நடக்க வேண்டும். நிறைய கோயில்களில் உதவிப் பதிவதிகாரிகள் இருக்கிறார்கள், ஒரே நாளில் தாலியும் கட்டிக் கையெழுத்தும் போட்டுவிடலாம். ஆனால் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஐயரும் ஊர்ச்சனமும் இருந்தால் கல்யாணம் முடிந்தது என்றுதான் நம்மவர்கள் நினைத்தார்கள். தாலி பதிவிலாகாவில் சாட்சி சொல்லாது. பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளையை இலாகா, கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையாகத்தான் எழுதும். அரசியல் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, மூன்றாம் பகுதி, பிரிவு 17 சொல்வது இதுதான்: அப்படிப் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் என்றோ பெற்றோர் என்றோ சட்டம் சொல்லும் இடத்திலெல்லாம் தாய் என்று படிக்க வேண்டும். ஆக, மாமாவின் நீல ஐசி பையனுக்கு உதவாது. தாயைப் பார்ப்பார்கள். தாயிடம் ஒன்றும் இல்லை.

சரி, இப்போதாவது கல்யாணத்தைப் பதியலாமே என்பீர்கள். பதிய இரண்டு பேரின் அடையாள ஆவணமும் வேண்டும். மாமிக்கு அது இல்லை. ஐசி இல்லாததால் கல்யாணம் பதிய முடியாது, கல்யாணம் பதியாததால் மகனுக்கு ஐசி இல்லை. செக்குமாடு மாதிரி இதிலேயே பத்து வருஷம் சுற்றியவர்கள் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். ஒருவேளை இப்போது பதிய முடிந்தாலும் அது முழு மருந்தாகாது. பின்னால் நடந்த பதிவு பிள்ளையைச் சட்டப்படி அங்கீகரிக்க உதவும். குடியுரிமை என்று வரும்போது, பிறந்த அன்று நிலை என்ன என்றுதான் இலாகா கேட்கிறது. கோர்ட்டுகளும் அப்படிச் சொன்ன தீர்ப்புகள் உண்டு.

ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரி இருக்கிறதே, பாட்டி 1961இல் அதே தோட்டத்தில் பிறந்தார் என்று, அதைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டாம் அட்டவணையின் முதல் பகுதியில், மெர்டேக்கா (சுதந்திர) நாளான 1957 ஆகஸ்ட் 31 தொடங்கி 1962 செப்டம்பர் முடியும்வரை மலாயாவில் பிறந்தவர்களுக்கு ஒரு விதி உண்டு. இங்கே பிறந்தால் போதும். வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் மாதிரி ஒரு சில விலக்குகளைத் தவிர, அப்பா அம்மா யார், அவர்களிடம் என்ன காகிதம் இருந்தது என்று அந்த விதி கேட்பதில்லை. விண்ணப்பமும் வேண்டாம், மந்திரியின் தயவும் வேண்டாம், சட்டப்படியே அவர்கள் குடிமக்கள். அந்த ஐந்து வருஷ ஜன்னலுக்குள் பாட்டி பிறந்தார் என்று காட்ட முடிந்தால், அவர் கையில் இருக்கும் சிவப்பு ஐசி தப்பான ஐசி. பாட்டி குடிமகள் என்றால், 1984இல் இங்கே பிறந்த மாமி, பெற்றோரில் ஒருவர் குடிமகளாக இருந்ததால் தானும் குடிமகள். மாமி குடிமகள் என்றால், தாயைத்தான் பார்ப்போம் என்று இலாகா பிடிக்கிற அதே பிரிவு 17 பையனுக்குச் சாதகமாகத் திரும்பும். அப்பா வழியில் அடைபட்ட கதவு அம்மாவின் அம்மா வழியில் திறக்கலாம்.

இதில் எது உறுதி, எது உறுதி இல்லை என்பதைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். 1957-62 விதி உறுதி, அது அரசியல் சட்டத்தில் அச்சில் இருக்கிறது. தாய் வழிச் சங்கிலியும் உறுதி. பாட்டியின் பிறப்பை நிரூபிக்க முடியுமா என்பதுதான் சந்தேகம். சட்டத்தை விட இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் தோற்கின்றன. சிவப்பு ஐசி மட்டும் வைத்து இன்னொரு வழியும் உண்டு. 1984இல் மாமி பிறந்தபோதே பாட்டி நிரந்தரவாசியாக இருந்தார் என்றால் அந்த அடிப்படையிலும் மாமிக்குக் குடியுரிமை உண்டு. ஆனால் பாட்டியின் சிவப்பு ஐசி எந்த வருஷம் கிடைத்தது என்று நீங்கள் எழுதவில்லை. 1984க்குப் பிறகு கொடுத்திருந்தால் அந்த வாதம் பலவீனம். அதனால்தான் 1961ஐப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இங்கே பிறந்த பாட்டிக்கு எப்படிச் சிவப்பு ஐசி வந்தது என்று உங்கள் கட்டுரையில் யாராவது கேட்பார்கள். மெர்டேக்காவின்போது இங்கே குடியிருந்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றும், ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பித்தால் மலாய் மொழித் தேர்வு வேண்டாம் என்றும் சட்டம் சலுகை கொடுத்தது. பட்டணத்தில் பேப்பர் படித்தவர்கள் ஓடிப்போய் எடுத்தார்கள். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களில் பலருக்கு அந்த ஒரு வருஷம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. 'ஊருக்குப் போகப்போறோம், நமக்கெதுக்கு' என்று இருந்தவர்களும் உண்டு, அதையும் மறைக்க வேண்டாம். பிறகு 1968இல் குடிமகன் அல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. 1969 கலவரத்துக்குப் பிறகு அது கடுமையாக நடப்புக்கு வந்தபோது, தலைமுறையாக ரப்பர் பால் வெட்டியவர்கள் பல்லாயிரம் பேர் கப்பல் ஏறினார்கள். எஞ்சியவர்கள் பயந்து, கையில் கிடைத்த நிறத்து ஐசியை வாங்கிக்கொண்டார்கள். மகள் இங்கே பிறந்தவள், சட்டப்படி குடிமகள் என்று பாட்டியின் தாய்க்குச் சொல்ல யாரும் இல்லை. சூராட் பெரானாக் எடுக்காமல் விட்ட குழந்தைக்குப் பின்னால் அம்மாவின் நிறமே ஒட்டிக்கொண்டது.

ஐசி என்பதே எங்கள் ஊர்ப்பக்கம் நடந்த ஒன்றின் விளைவு என்று சொன்னால் நம்புவீர்களா? 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டுக்குக் கிழக்கே எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுடப்பட்டார்கள். அதோடு அவசரகாலம் தொடங்கியது. கம்யூனிஸ்டுகளைப் பிரித்தெடுக்க வேண்டும் என்று அந்த வருஷமே 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அடையாளக் கார்டு கொண்டுவந்தார்கள். ஆளைக் கண்காணிக்கப் பிறந்த காகிதம் அது. உரிமை தருவதற்கு என்று வந்ததில்லை. அதே 1948 டிசம்பர் 10இல் பாரிஸில் ஐ.நா. சபை மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. அதன் 15ஆம் விதி, ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு என்கிறது. 23ஆம் விதி சம வேலைக்குச் சமச் சம்பளம் என்கிறது. ஒரே வருஷத்தில் இரண்டும். கட்டுரையை நான் எழுதினால் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

மனித உரிமை பாரிஸில் இருந்து தோட்டத்துக்கு இறங்கி வந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதற்கு ஏழு வருஷம் முன்னாலேயே, 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முதலியவர்கள் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். சம்பள உயர்வு இருந்தது. கள்ளுக்கடையை மூடு என்பது இருந்தது. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி என்பது இருந்தது. வேலைக்காரர்களின் பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்து என்பதும் இருந்தது. படிக்காதவர்கள் என்று எழுதிவைக்கப்பட்டவர்கள் கூலியையும் மானத்தையும் பெண்களின் பாதுகாப்பையும் ஒரே தாளில் கேட்டிருக்கிறார்கள். இன்று நீங்கள் மூன்று தலைப்பாகப் பிரித்துப் படிப்பதை அவர்கள் பிரிக்கவில்லை.

இனி நான் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும், இது எனக்கு லேசான விஷயம் இல்லை. முப்பதுகளில் தோட்டக் கூலியை அரசாங்கமே நிர்ணயித்த இடங்களில் ஆணுக்கு 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு. அந்தக் கணக்கு எப்போதோ ஒழிந்தது. நான் கிராணியானபோது ஒரே வேலைக்கு ஒரே ரேட்டுதான். ஆனால் ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்த பிறகு வேறு ஒரு கணக்கு வந்தது. குலை வெட்டுவது புருஷன், கீழே சிதறிய உதிரியைப் பொறுக்கி மூட்டை கட்டுவது பெண்சாதி. சம்பளம் டன் கணக்கில். டன் யார் பேரில் ஏறும்? புருஷன் பேரில். அந்தப் பெண் காலை ஆறரைக்குக் காட்டுக்குள் போய் மதியம் இரண்டு மணிக்கு முதுகு ஒடிந்து வருவாள், என் செக்ரோலில் அவள் வேலைக்கே வரவில்லை. மேலே இருந்து அப்படித்தான் எழுதச் சொன்னார்கள், நானும் எழுதினேன். பேர் இல்லாததால் அவளுக்கு சேமநிதி இல்லை, சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி இல்லை. பிரசவ விடுப்பு 2023 ஜனவரி முதல் 60 நாளில் இருந்து 98 நாளாக உயர்ந்தபோது பேப்பரில் படித்துவிட்டு நான் நினைத்தது அவளைத்தான். ரோலில் இல்லாதவளுக்கு 98 நாளும் ஒன்றுதான், 60 நாளும் ஒன்றுதான்.

அப்படி இருபது வருஷத்துக்கு மேல் உதிரி பொறுக்கிய ஒருவரின் புருஷன் ஒருநாள் மாரடைப்பில் போனார். லயத்து வீடு வேலைக்காரருக்குக் கொடுத்த வீடு, காலி பண்ணு என்று நோட்டீஸ். பென்சனுக்குப் போன இடத்தில் கல்யாணப் பத்திரம் கேட்டார்கள். அவர் கழுத்தைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு மனுஷி வீடு, வருமானம், சேமிப்பு மூன்றும் இல்லாமல் மகள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்தார். வறுமை எப்படி வருகிறது என்று யாராவது கேட்டால் எனக்கு வரைபடம் தேவைப்படாது. நான் எழுதாமல் விட்ட ஒரு பேரில் இருந்து அது வந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். ஏழ்மையால் ஐசி இல்லையா, ஐசி இல்லாமல் ஏழ்மையா? இரண்டும் உண்டு, ஆனால் தலைமுறை மாறி மாறி. பாட்டியின் அம்மாவுக்கு ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்துப் பட்டணம் போய்ப் பிறப்பைப் பதிய வசதியில்லை. அது ஏழ்மை காகிதத்தைத் தின்றது. மாமிக்குப் பள்ளியில் பேர் ஒட்டவில்லை, சம்பளம் கைக்காசாக வந்தது, வங்கிக் கணக்கு இல்லை. அது காகிதமில்லாமை கூலியைத் தின்றது. இன்று பையனுக்கு? குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டில் தொடங்கி 2025இல் 1,700 ரிங்கிட்டுக்கு வந்திருக்கிறது. அவன் கொந்திராக் வேலைக்குப் போய் ஒருநாளைக்கு ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) வாங்கினால் யாரிடம் புகார் கொடுப்பான்? புகார் பாரத்தில் முதல் கட்டமே ஐசி எண். அரசாங்க ஆஸ்பத்திரியில் நமக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளி, அவனுக்கு வெளிநாட்டார் கட்டணம். அரசாங்கத்தின் எஸ்டிஆர் உதவித்தொகையும் ஏழைக் குடும்பங்களுக்கான இ-காசே பட்டியலும் ஐசி எண்ணில் இருந்து தொடங்குபவை. ஆத்திரத்துக்குக் கடன் வேண்டுமென்றால் அவனை நம்பிக் கொடுக்க ஆலோங், அதாவது கந்துவட்டிக்காரன் மட்டும்தான் இருப்பான்.

காகிதம் இல்லாதவர் ஏழைகளின் கணக்கிலேயே வராமல் போவார் என்பதையும் எழுதுங்கள். 2019இல் ஐ.நா.வின் கடும் வறுமைக்கான சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இங்கே வந்தார். அப்போது நம் அரசுக் கணக்கில் வறுமை 0.4 சதவீதம்தான். மாதம் 980 ரிங்கிட் என்று வைத்திருந்த வறுமைக்கோடு நடைமுறைக்கு ஒத்துவராது என்றார். குடியுரிமை இல்லாதவர்களும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்பதையும் சுட்டிக்காட்டினார். அன்றைய அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அடுத்த வருஷம் வறுமைக்கோட்டை 2,208 ரிங்கிட்டுக்கு உயர்த்தினார்கள், 2019க்கான வறுமை 5.6 சதவீதம் ஆனது. 2022இல் கோடு 2,589 ரிங்கிட், வறுமை 6.2 சதவீதம். ஒரே ஜனங்கள், கோடு நகர்ந்ததும் லட்சக்கணக்கான குடும்பங்கள் புதிதாக ஏழையானார்கள். உங்கள் மாமி கோடு எங்கே நகர்ந்தாலும் அந்தக் கணக்கில் வரப்போவதில்லை. நம்மவர்களில் இப்படி எத்தனை பேர் என்று மேடையில் சொல்லப்படும் எண்களை மட்டும் கட்டுரையில் போடாதீர்கள். தேர்தலுக்குத் தேர்தல் அவை ஏறி இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

உலக விஷயம் என்று கேட்டீர்களே, அதற்கும் இந்தப் பையன்தான் உதாரணம். ஐ.நா.வின் 2030 இலக்குகளில் வறுமை ஒழிப்பு முதலாவது, ஆண் பெண் சமத்துவம் ஐந்தாவது. அதிகம் பேசப்படாத 16.9 என்ற ஓர் உள்ளிலக்கு பிறப்புப் பதிவு உட்பட எல்லோருக்கும் சட்டப்படியான அடையாளம் வேண்டும் என்கிறது. என் அனுபவத்தில் மற்ற இரண்டுக்கும் சாவி அதுதான். தகப்பனைப் போலத் தாயும் தன் குடியுரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாத நாடுகள் உலகத்தில் இன்னும் இருபதுக்கு மேல். மலேசியாவும் நெடுங்காலம் அந்தப் பட்டியலில் பேசப்பட்ட நாடு. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் நாம் 1995இல் சேர்ந்தோம். ஆனால் பிள்ளையின் குடியுரிமையில் தாய்க்குச் சம உரிமை தரும் 9(2) உட்படச் சில விதிகளுக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுச் சேர்ந்தோம். 2001இல் அரசியல் சட்டத்தின் 8(2)இல் பாலினம் என்ற சொல்லைச் சேர்த்தார்கள், நல்ல காரியம். ஆனால் அந்த விதியின் தொடக்கத்திலேயே, இந்தச் சட்டம் வெளிப்படையாக அனுமதித்த இடங்கள் நீங்கலாக என்று இருக்கிறது. குடியுரிமைப் பிரிவுகள் அந்த நீங்கலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன.

2024 அக்டோபரில் மக்களவை ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்கள் இனி தகப்பன்மார்களைப் போலவே குடியுரிமை தரலாம். பல வருஷம் கோர்ட்டு வாசலில் நின்ற அம்மாக்களின் வெற்றி அது, மனசார மகிழ்ந்தேன். ஆனால் அதே திருத்தத்தில் தோட்டத்து ஜனங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, சிவப்பு ஐசி பெற்றோருக்கு இங்கே பிறக்கும் பிள்ளைக்குத் தானாகக் கிடைத்துவந்த குடியுரிமை, திருத்தம் நடப்புக்கு வந்த பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்கு இல்லை. விமானத்தில் போகிற தாய்க்குக் கொடுத்துவிட்டு லயத்தில் இருக்கிற தாயிடம் எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. இது என் கருத்து, மறுப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது உங்கள் பையனை நேராகத் தொடுகிறது. 15(2), 15ஏ என்ற விதிகளின் கீழ் பிள்ளைகளுக்காக விண்ணப்பிக்கும் வயது வரம்பு 21இல் இருந்து 18 ஆகக் குறைகிறது. அவனுக்கு இப்போது 17. 21 வயது வரை காலம் இருக்கிறது என்று யாராவது பழைய கணக்குச் சொன்னால் கேட்காதீர்கள்.

இலங்கை மலையகத்தையும் ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள். 1948 குடியுரிமைச் சட்டம் அங்கே தேயிலைத் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று ஆளை எண்ணிப் பிரித்தது. கடைசிவரை எஞ்சியிருந்தவர்களுக்கு 2003இல்தான் சட்டம் வழிவிட்டது. அங்கே சட்டம் கூட்டமாகத் தள்ளியது, இங்கே வீடு வீடாக, ஒரு பாரம் குறைந்ததால், ஒரு பேர் தப்பாக எழுதப்பட்டதால் நடந்தது. அதனால் இங்கே மொத்தமாகத் தீர்க்கவும் முடியவில்லை. 2011இல் 'மைடாஃப்தார்' என்று அரசாங்கம் இந்தியர்களுக்காகப் பதிவு இயக்கம் நடத்தியது. எங்கள் ஊரிலும் வரிசை நின்றது. பலனடைந்தவர்கள் உண்டு. பதில் வராமல் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்களும் உண்டு.

இனி செய்ய வேண்டியது. பாட்டி எங்கே பிறந்தார்? தோட்டத்து ஆஸ்பத்திரியிலா, லயத்தில் மருத்துவச்சி கையிலா? ஆஸ்பத்திரி என்றால் பிறப்பு எங்காவது பதிவாகியிருக்கலாம். குடும்பத்தில் யாரும் சூராட் பெரானாக்கை வாங்காமலேயே பதிவு மட்டும் இலாகாவில் கிடப்பதை நான் மூன்று முறை கண்டிருக்கிறேன். அதனால் முதலில் ஈப்போவில் உள்ள மாநிலப் பதிவிலாகாவில் 1961க்கான பதிவைத் தேடச் சொல்லி விண்ணப்பியுங்கள். தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். லட்சுமியை லெட்சுமி என்றும் லெச்சிமி என்றும் எழுதியவர்கள் எங்கள் கிராணி வர்க்கம்தான். தகப்பன் பேரிலும் அதே கூத்து இருக்கும். பதிவு கிடைக்காவிட்டால் பாட்டி படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் புத்தகம், அம்மை குத்திய அட்டை, பாட்டியின் அப்பா அம்மா பேர் உள்ள பழைய செக்ரோல், சங்கச் சந்தாப் புத்தகம், நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சீட்டு, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய சங்கம் அது, மாதம் பத்து வெள்ளி கட்டிச் சேர்ந்த ஜனங்கள் அந்தச் சீட்டை நகையோடு வைத்துக் காப்பாற்றினார்கள். ஒரு குடும்பம் இந்தத் தோட்டத்தில் இந்த வருஷம் இருந்தது என்பதற்கு அது நல்ல துணைச் சான்று.

அடுத்து மாமியின் பிறப்புக்குத் தாமதப் பதிவு. பாட்டியும் மாமியும் தாய் மகள்தான் என்று காட்ட இலாகா மரபணுச் சோதனை கேட்கக்கூடும். கேட்டால் பயப்படாதீர்கள், நமக்கு அது நல்லதுதான். பாட்டியின் நிலை தீர்ந்தால்தான் மாமி, மாமி தீர்ந்தால்தான் பையன் என்பது சட்ட ஒழுங்கு. ஆனால் பையனின் 18ஆம் பிறந்தநாள் காத்திருக்காது. அதனால் அவனுக்கு 15ஏ விண்ணப்பத்தையும் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். அது முழுக்க அரசாங்கத்தின் விருப்பம். சில பிள்ளைகளுக்கு இரண்டு வருஷத்தில் வந்தது, சிலருக்குக் காரணம் சொல்லாமல் மறுப்பு வந்தது, யாராலும் உறுதி தர முடியாது. உறுதி தருகிறேன், ஐயாயிரம் வெள்ளி எடுத்து வை என்று எவராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்புங்கள். ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது. டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா என்ற அமைப்பு நாடற்றவர்கள் விஷயத்திலேயே வேலை செய்கிறது. 1957-62 விதியைச் சொல்லும் அட்டவணையின் நகலைக் கையில் கொண்டுபோங்கள். கவுண்டரில் இருக்கும் இளம் அதிகாரி அதைப் பார்த்திருக்க மாட்டார், கோபப்படாமல் மேலதிகாரியிடம் காட்டச் சொல்லுங்கள். மாமியைத் தனியாக அனுப்ப வேண்டாம். அவர் பேச்சு அங்கே நடுங்கும், நீங்கள் மலாயில் பேசுவீர்கள்.

பாட்டி பிறந்தபோது கூட இருந்தவர்களில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் சத்தியப் பிரமாணம் செய்து கொடுக்கலாம். ஆனால் 1961இல் விவரம் தெரிந்த வயதில் இருந்தவர்களுக்கு இன்று எழுபதைத் தாண்டியிருக்கும். எங்கள் பக்கம் போன மாதம் மட்டும் அப்படி இரண்டு பேர் போய்விட்டார்கள். இந்தச் சனிக்கிழமை பஸ் ஏறுங்கள். பாட்டிக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போங்கள், போனில் பதிவு போட்டுவிட்டு அவரைப் பேச விடுங்கள். தேதி கேட்டால் வராது. அந்த வருஷம் தோட்டத்தில் துரை யார், தண்டல் யார், தீமிதி நடந்ததா, எந்த நம்பர் லயம், பக்கத்து வீட்டில் யார் பிள்ளை பெற்றது என்று கேளுங்கள். வந்ததை எழுதி அனுப்புங்கள். எந்தத் தோட்டம் என்று தெரிந்தால், அந்தப் பழைய செக்ரோல் புத்தகங்கள் இப்போது யாரிடம் இருக்கும் என்று நான் விசாரித்துச் சொல்கிறேன்.